தேக்குத் தோப்பில் வேலிக்காத்தான்: வெட்டினால் போகாது

சென்னையில் குடியிருந்துகொண்டு மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் தேக்கோ மகாகனியோ வைத்திருப்பவர்கள் பலர், வருஷத்துக்கு ஒருமுறை ஆள் விட்டு வேலிக்காத்தானை, அதாவது சீமைக் கருவேலத்தை, வெட்டுகிறார்கள். அடுத்த மழைக்கு ஒரு தண்டு நின்ற இடத்தில் நாலைந்து கிளைக்கும். காரணம் தூரில் இருக்கிறது. வேரும் தண்டும் சேரும் இடத்தில், மண்ணுக்குள்ளும் ஒரு சாண் வரை, மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். அரிவாள் படுவதோ அதற்கு மேலே. ஓரடி ஆழத்தில் ஆணிவேரை அறுத்துத் தூரோடு எடுத்தால்தான் சாகும்.

வெட்டுமுன் மரத்தைச் சரியாக அடையாளம் காண வேண்டும். நாட்டுக் கருவேலத்துக்கு உருண்டை மஞ்சள் பூ, மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கிய நெற்று. வேலிக்காத்தானுக்கு நீளக் கதிர்ப்பூ. வன்னிக்கும் கதிர்ப்பூதான். ஆனால் வன்னியின் சின்ன முள் கிளை நெடுகச் சிதறியிருக்கும், வேலிக்காத்தானின் பெரிய முள் இலைக்காம்படியில் நிற்கும். கருவேலம், வன்னி இரண்டிலும் சுண்ணாம்பு பூசி விடுங்கள். இவற்றை வெட்டக்கூடாது என்று கூலியாட்களுக்குத் தெரிய அதுவே போதும்.

தை மாதம் வசதி. மண்ணில் ஈரம் இருக்கும், நெற்று பழுத்து உதிர்ந்திருக்காது. விரல் தடிமன் கன்றைக் கையாலேயே பிடுங்கலாம். மணிக்கட்டு தடிமன் என்றால் கடப்பாரையால் சுற்றித் தோண்டி, ஆணிவேரைக் கோடாலியால் அறுக்க வேண்டும். பொக்லைனை வேலியோரத்தோடு நிறுத்துங்கள். தேக்கின் பக்கவேர்கள் மேல்மண்ணிலேயே ஓடுபவை, அவை அறுந்தால் காற்றுக்கு மரம் சாயும். குழியை அன்றே மூடுங்கள், தேங்கிய நீரைத் தேக்கு தாங்காது. முள்கிளைகளையும் அன்றே அள்ளிவிடுங்கள், காலில் தைத்தால் சீழ் வைக்கும். தடிக்கட்டை விறகுக்கும் கரிக்கும் போகும்.

பாதி வேலை இதற்குப் பிறகுதான். இனிப்பான நெற்றை ஆடுமாடு விரும்பித் தின்னும். விதை செரிக்காமல், முளைக்கத் தயாராகச் சாணத்தோடு விழும். நெற்றுக் காலத்தில் தோப்பில் ஆடுமாட்டை அடைத்துக் கிடை போடாதீர்கள். பச்சை ஆட்டெருவை அப்படியே கொட்டாமல், குவித்துப் புரட்டி நன்றாக மக்கவிட்டுப் போடுங்கள். மண்ணில் கிடக்கும் பழைய விதை வருஷக்கணக்கில் முளைக்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒருமுறை தோப்பைச் சுற்றிவந்து கன்று பிடுங்க வேண்டும். வெட்டவெளிதான் இதற்குப் பிடிக்கும், அடர்நிழலில் தேறாது. எனவே காலியான இடத்தில் அடுத்த மழைக்கே புங்கனோ வேம்போ வைத்துவிடுங்கள்.