பத்தில் நின்ற நோடு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பரண் மேல் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது. 8 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, டெபியன் லினக்ஸ். பிட்காயின் கோர் என்னும் மென்பொருள் அதில் ராப்பகலாக ஓடுகிறது. இதில் எனக்கு நயா பைசா வருமானம் கிடையாது. புது பிட்காயின் எடுக்கும் மைனிங் வேறு, கணக்கைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டரான நோடு வேறு. 2009 ஜனவரியிலிருந்து எழுதப்பட்ட ஒவ்வொரு வரவு செலவையும் தானே சரிபார்த்து வைத்துக்கொள்ளும் பேரேடு இது. இப்போது 600 ஜிபியைத் தாண்டிவிட்டது.

என்னை உறுத்திக்கொண்டிருந்தது ஒரு எண். மற்ற நோடுகளோடு உள்ள இணைப்புகள் பத்துக்கு மேல் ஏறவே ஏறாது. பத்தும் என் நோடு தானே தேடிப் போய்ப் பிடித்தவை. வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வரவில்லை. ரவுட்டரில் பிட்காயினுக்கான வாசலான 8333 போர்ட்டைத் திறந்தும் பலனில்லை. கேபிள்காரத் தம்பியைக் கேட்டேன். “தெருவுக்கே ஒரே ஐபிதாண்ணே” என்றார். பல வீடுகள் ஒரே இணைய முகவரியைப் பகிரும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சிஜிநாட். புதிதாக வரும் நோடு ஒன்று கதவைத் தட்டினால் அந்தத் தட்டல் என் வீடுவரை வரவே வராது.

யார் யாரோடு பேசுகிறார் என்று தெரியாதபடி பல கம்ப்யூட்டர்கள் வழியாகச் சுற்றி அனுப்பும் டார் வலையமைப்பின் பக்கம் போனது இதற்காகத்தான். ஒளிந்துகொள்ளப் போகிறவர்கள்தான் அதிகம். நான் வாசல் வைக்கப் போனேன்.

நான் ஹார்பரில் கிளியரிங் வேலை பார்க்கிறவன். எண்ணூர் ரோட்டில் நிற்கும் டிரெய்லர் டிரைவரைக் கேட்டால் எந்த யார்டில் ஏற்றினார், எந்த கேட்டில் இறக்குவார் என்று சொல்வார். பெட்டிக்குள் என்ன, யாருடைய சரக்கு என்று அவருக்குத் தெரியாது. டாரிலும் வழியில் வாங்கிக் கடத்தும் கம்ப்யூட்டரான ஒவ்வொரு ரிலேவுக்கும் தனக்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் மட்டும்தான் தெரியும். ஒரே வித்தியாசம், என்னைப் போல எல்லாக் காகிதத்தையும் கையில் வைத்திருக்கும் ஆள் அங்கே இல்லை. டாருக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஆனியன் முகவரி என்றால் இரண்டு பக்கமும் புறப்பட்டுப் போய் நடுவில் ஒரு ரிலேயில் சந்திக்கின்றன. என் நோடும் வெளியே போகிற தரப்புதான் என்பதால் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். சிஜிநாட் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வேலை என்னவோ கொஞ்சம்தான். டாரை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் பிட்காயின் கோர் டாரோடு பேசுவதற்கான கன்ட்ரோல் போர்ட் 9051, அதற்கு அடையாளம் காட்டும் குக்கி சரிபார்ப்பு என்ற இரண்டு வரிகளின் முன்னால் இருந்த # குறியை எடுத்தேன். வெளியே போவதெல்லாம் டார் வழியே போக, பிட்காயின் கோப்பில் பிராக்ஸி 127.0.0.1:9050. இங்கேதான் முதல் சறுக்கல். பிராக்ஸி கொடுத்துவிட்டால் பிட்காயின் கோர் நம் நன்மைக்காக உள்வரும் இணைப்புகளை நிறுத்திவிடும். ‘லிசன்’ என்பதை 1 என்று நாமே எழுத வேண்டும். அப்புறம் குக்கி கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்றது லாக். நோடு ஓடும் பயனரை ‘டெபியன்-டார்’ குழுவில் சேர்த்தேன். மறுபடி அதே புலம்பல். லாக்அவுட் செய்து திரும்ப வராமல் குழு மாற்றம் செல்லாது என்று நினைவு வர ஒரு மாலைப்பொழுது போனது. அதன்பின் 56 எழுத்தில் ஒரு முகவரி கிடைத்தது. 16 எழுத்து முகவரி கிடைக்கும் என்று சொல்லும் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். அந்த வகை 2021-இலேயே போய்விட்டது.

ஆனியன் முகவரி உள்ள நோடுகள் மட்டும் போதும் என்று கோப்பில் ஒரு வரி எழுதிச் சில நாள் ஓட்டிப் பார்த்தேன். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆனியன் முகவரிகளை ஒரே ஆள் காசில்லாமல் நூற்றுக்கணக்கில் உருவாக்கலாம். சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் அவரே என்றால் என் நோடு அவர் சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டார் வழியே அல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று ஃபயர்வாலையும் இறுக்கினேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. கீழே கணுக்கால் தண்ணீர், பரண் தப்பித்தது. கரண்ட் வந்ததும் நோடு எழுந்தது, டார் எழவில்லை. ரவுட்டரை மாற்றி மாற்றி அணைத்துப் பார்த்தேன். “அந்தப் பொட்டிக்கு நீங்க பாக்குறதுல பாதி மோட்டாருக்குப் பாத்திருந்தா தண்ணி ஏறியிருக்கும்” என்றாள் என் மனைவி. நியாயம்தான். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து தேதி என்ன என்று டெர்மினலைக் கேட்டேன். டிசம்பர் 4 என்றது. அன்று 6.

கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு செல் செத்திருந்தது. கரண்ட் போன நேரத்திலேயே கம்ப்யூட்டரின் கடிகாரம் நின்றுகொண்டிருந்தது. டாரின் ரிலே பட்டியல் சில மணி நேரமே செல்லும். நாள் தப்பினால் அது உள்ளே விடாது. சரி, நேரத்தை இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்றால் அந்தக் கேள்வி யூடிபி என்ற முறையில் போகும். டார் டிசிபி என்ற இன்னொரு முறையை மட்டுமே சுமக்கும். மற்ற வழியை நான்தான் அடைத்து வைத்திருந்தேன்.

கல்மண்டபத்தில் வாட்ச் ரிப்பேர் கடையில் செல் வாங்கிப் போட்டு, நேரம் கேட்கும் 123-ஆம் போர்ட்டை மட்டும் திறந்துவிட்டேன். ஒரு வாரத்தில் இணைப்பு 17. இன்று காலை பார்த்தபோது 31.