சம்பளப் பட்டியலில் கட்சி நிதி

கப்பலூர் தொழிற்பேட்டையில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவன் நான். தேர்தல் நெருங்கினாலே எனக்கு ஒரு கவலை வந்துவிடும். தொழிலாளி கட்சிக்குக் காசு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, கேட்டருகே உண்டியல் குலுக்கும் தோழர்களிடம் இருபது ரூபாயை மடித்துப் போடுகிறவரை மதிக்கிறேன். அதே காசு கம்பெனிக்குள் லிஸ்ட்டாகச் சுற்றும்போதுதான் சிக்கல்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒன்று வந்தது. கோடு போட்ட பேப்பர். பெயர், டோக்கன் நம்பர், தொகை, கையெழுத்து. முதல் வரியில் மேனேஜர், அவருக்குக் கீழே சூப்பர்வைசர்கள். டீ நேரத்தில் லைன் லைனாகப் போனது. பேக்கிங்கில் இருந்த அக்கா ஒருவர், மேலே யார் யார் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நான் போடலைன்னா ஓ.டி. குடுப்பாங்களா தம்பி?" அதற்குப் பிறகு அதை நன்கொடை என்று எப்படிச் சொல்வது? அந்தக் கட்சி அவருக்குப் பிடிக்குமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி லிஸ்ட் என் மேஜைக்கு வந்தது. என்னென்ன பிடிக்கலாம் என்று அப்போது நடைமுறையில் இருந்த 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வரிசையாகச் சொன்னது: பி.எஃப்., வருமான வரி, அட்வான்ஸ் என்று போகும். கட்சி நிதி அதில் இல்லை. "அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்களேப்பா" என்றார் மேனேஜர். "இருந்தாலும் முடியாது சார்" என்றேன். பிடித்தம் நின்றது. ஆனால் சம்பளத்தன்று சூப்பர்வைசர்கள் கையிலேயே வசூலித்துக்கொண்டார்கள். இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது.

தொழிற்சங்கத்துக்கே இதில் கட்டுப்பாடு உண்டு. சட்டப்படி சங்கம் அரசியல் நிதி திரட்டலாம். ஆனால் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கொடுக்காதவருக்குச் சங்கச் சலுகை எதையும் மறுக்கக் கூடாது. தொழிலாளியின் சொந்தச் சங்கத்துக்கே இப்படியென்றால், ஓ.டி.யும் லீவும் தன் கையில் வைத்திருக்கும் நிர்வாகம் கை நீட்டலாமா?

முதலாளிக்குக் கட்சிக்குக் கொடுக்க ஆசை என்றால் நேர்வழி இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் 182-ஆம் பிரிவுப்படி இயக்குநர் குழுவில் தீர்மானம் போட்டு, கம்பெனிப் பணத்தையே கொடுக்கலாம். லாப நஷ்டக் கணக்கிலும் காட்ட வேண்டும். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர உதவிய தேர்தல் பத்திரங்களை 15.2.2024 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, யார் பணம் எந்தக் கட்சிக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்றது. அமெரிக்காவில் 200 டாலருக்கு மேல் கொடுப்பவரின் பெயரோடு, அவர் வேலை பார்க்கும் இடமும் பொதுப்பதிவில் ஏறும். இங்கே 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுத்தவர் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த லிஸ்ட் காசு யார் பெயரில் ஏறியது? கொடுத்த ஒருவருக்கும் தெரியாது. ரசீது கிடையாது. வங்கி வழியாகத் தானே கொடுத்திருந்தால், பழைய வரிமுறையில் இருந்தவருக்கு அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80ஜிஜிசி பிரிவில் வரி விலக்காவது கிடைத்திருக்கும். ரொக்கத்துக்கு அதுவும் இல்லை.

எச்.ஆர்.-இல் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இப்படி லிஸ்ட் கிளம்பினால், மேலே பெரிய பெயர்கள் ஏறுவதற்கு முன்பே பேசி நிறுத்துங்கள். மேனேஜர் கையெழுத்து விழுந்துவிட்டால், கீழே இருக்கிற யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.