தெனேர்: தமிழில் ‘எனக்கு’ வருமிடத்தில் ஸ்பானிஷில் ‘நான்’

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எதிர்ப்படும் வினை தெனேர். அகராதி ‘கொண்டிரு’, ‘வைத்திரு’ என்று பொருள் சொல்லும். அதை மட்டும் மனப்பாடம் செய்தால் பாதி இடங்களில் கைகொடுக்காது. ‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’, ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு 20 வயது’ என்றுதான் நாம் பேசுகிறோம். ஸ்பானிஷில் மூன்றும் தெங்கோ என்றே தொடங்கும்: தெங்கோ ஊனா எர்மானா, தெங்கோ ஆம்ப்ரே, தெங்கோ பெயிந்தே ஆஞோஸ். நம் ‘எனக்கு’ அங்கே எழுவாயாகி விகுதிக்குள் ஒளிந்துகொள்கிறது. ‘வந்தேன்’ என்றாலே நான் என்பது விளங்குவதுபோல, தெங்கோ என்றாலே நான்தான். யோ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஆஞோஸ் என்பதில் வருவது நம் ஞகரமே. அதை னகரமாக்கிவிட்டால் வயது போய் ஆபாசமான சொல்லாகிவிடும். எழுதும்போதும் ñ எழுத்தின் மேலுள்ள சுழியை விடக்கூடாது.

எல்லா ‘எனக்கு’ம் மாறாது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது மே கூஸ்தா, ‘எனக்கு வலிக்கிறது’ என்பது மே துவேலே. இங்கே இரு மொழியும் ஒரே வழியில் போகின்றன. வயது, பசி, தாகம், தூக்கம், குளிர், பயம் ஆகியவற்றுக்குத்தான் தெனேர்.

பெரிய குழப்பம் ‘இருக்கிறது’ என்ற சொல்லில். ஒருவருக்கோ ஒருவரிடமோ இருந்தால் தெனேர். ஓரிடத்தில் ஏதோ ஒன்று இருப்பதை முதன்முதலாகச் சொன்னால் ஆய்: ஆய் ஊன் லீப்ரோ என் லா மேசா, மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது. தெரிந்த பொருள் எங்கே என்று சொன்னால் எஸ்தா: எல் லீப்ரோ எஸ்தா என் லா மேசா, புத்தகம் மேசையில் இருக்கிறது. ‘ஒரு’ வருகிறதா, வரவில்லையா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நிகழ்கால வடிவங்கள்: தெங்கோ, தியேனெஸ், தியேனே, தெனேமோஸ், தெனேயிஸ், தியேனென். அழுத்தம் பகுதியில் விழும்போது ‘எ’ உடைந்து ‘இயே’ ஆகிறது. தெனேமோஸ், தெனேயிஸ் இரண்டிலும் அழுத்தம் விகுதிக்கு நகர்வதால் உடைவதில்லை. தெங்கோ மட்டும் தனி வழி. அதை அப்படியே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். எதிர்காலத்தில் நடு ‘எ’ விழுந்து தகர ஒலி நுழையும்: தெந்த்ரே.

பசி ஸ்பானிஷில் பெயர்ச்சொல். ஆகவே ‘ரொம்பப் பசிக்கிறது’ என்பதற்கு முய் ஆம்ப்ரே தவறு, முச்சா ஆம்ப்ரே சரி. ‘எனக்கு வெக்கையாக இருக்கிறது’ என்பதற்கு தெங்கோ காலோர் என்றே சொல்லுங்கள்; எஸ்தோய் காலியேந்தே என்றால் காம உணர்வைக் குறிக்கும்.

இறந்தகாலத்தில்தான் நிதானம் வேண்டும். நடந்து முடிந்ததைச் சொல்ல தூபே, தூபிஸ்தே, தூபோ என்று ஒரு வரிசை. அப்போது இருந்த நிலையைச் சொல்ல தெனீயா, தெனீயாஸ், தெனீயா என்று இன்னொன்று. தூபோ என்பதன் கடைசி எழுத்தில் அழுத்தக்குறி இடுவது அடிக்கடி நேரும் பிழை. அழுத்தம் ‘தூ’வில் இருப்பதால் குறியே கிடையாது. கடந்தகால வயதுக்கு வழக்கமாகத் தெனீயா: தெனீயா தியேஸ் ஆஞோஸ், அப்போது எனக்கு 10 வயது. தெனீயா ஊன் இஹோ என்றால் அவளுக்கு ஒரு மகன் இருந்தான்; தூபோ ஊன் இஹோ என்றால் மகனைப் பெற்றெடுத்தாள். தெனேருடன் ‘கே’ என்ற சொல் சேர்ந்தால் ‘வேண்டும்’ என்ற பொருள். தெனீயா கே இர், போக வேண்டியிருந்தது. போனேனா என்பது தெரியாது. தூபே கே இர், போயே ஆகவேண்டியதாயிற்று, போனேன். ‘கே’ என்பதற்குப் பின் வினை மாறாத மூல வடிவில் நிற்கும்: தெங்கோ கே கொமேர் (நான் சாப்பிட வேண்டும்) சரி, தெங்கோ கே கோமோ தவறு.

ஸ்பானிஷ் மொழித்திறனுக்குச் சான்றிதழ் தரும் தெலே தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு, தொடக்க நிலையான ஏ1-இல் நிகழ்காலம் போதும். அடுத்த நிலையான ஏ2-இல் இரண்டு இறந்தகாலங்களும் வேண்டும். வாய்பாட்டைப் பார்த்து எழுதுவதைவிட, தமிழில் ‘எனக்கு’, ‘அவளுக்கு’, ‘எங்களுக்கு’ என்று தொடங்கும் ஐந்து வாக்கியங்களைத் தினமும் எழுதி, அவற்றை மூன்று காலங்களிலும் வாய்விட்டு மாற்றிச் சொல்வது பலன் தரும். இது கைவந்ததும் மந்தெனேர் (பராமரி), ஒப்தெனேர் (பெறு), தெதெனேர் (நிறுத்து) ஆகியவற்றைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. முன்னொட்டை ஒட்டவைத்தால் மந்தெங்கோ, ஒப்தூபே, தெதூபோ தாமாக வரும்.