சுழலுக்குள் நுழையாத கண்ணாடி மணிகள்

மீன்தொட்டித் தண்ணீரைத் துடுப்பால் கலக்கி, பொடிக் கண்ணாடி மணிகளை விட்டுப் பார்க்கிறேன்; ஒருவழியாக மணிகள் கொத்துக் கொத்தாகப் பிரிந்துவிட்டன. லேசர் வெளிச்சத்தில் சுழல்களின் நடுவே கறுப்பு ஓட்டைகள், ஓரங்களில் வரிவரியாக மணிகள். கனமான துகளைச் சுழல் வெளியே தள்ளிவிடும், அது சுழற்சி குறைந்த இடங்களில் போய்ச் சேரும் என்று பாய்ம ஓட்டங்களை ஆராயும் மேக்ஸி 1987-இல் காட்டினாரே, அதை என் மீன்தொட்டியிலேயே பார்த்தாயிற்று.

தொட்டி, துடுப்பு, மோட்டார் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உயிரை எடுத்தது மணியைச் சல்லடையில் சலிக்கும் வேலைதான். சாலையில் வெள்ளைக் கோடு போடும்போது தூவுகிற மணி, ராணிப்பேட்டை கான்ட்ராக்டர் ஒருவரிடம் மலிவாகக் கிடைத்தது. ஆனால் ஒரே மூட்டையில் மாவும் இருக்கும், ரவையும் இருக்கும். பொடி, தண்ணீர் போன வழியே போகும். பெரியது எந்தச் சுழலையும் மதிக்காமல் நேராக அடியில் உட்காரும். மணி தண்ணீரின் போக்குக்கு இணங்க எடுக்கும் நேரத்தைச் சுழலின் நேரத்தால் வகுத்தால் வருவது ஸ்டோக்ஸ் எண்; அது ஒன்றை நெருங்க எனக்கு 250 முதல் 300 மைக்ரான் வரை வேண்டும்.

லேப் சல்லடை விலையைக் கேட்டதும் ஸ்கிரீன் பிரிண்டிங் துணிக்கு மாறினேன். வேலூர் லாங் பஜார் பக்கத்துக் கடைக்காரர், "என்ன சார், டீ-ஷர்ட் பிரிண்டிங்கா?" என்றார். துணியின் எண்ணை (ஒரு நீளத்தில் எத்தனை நூல் என்ற கணக்கு) மட்டும் நம்பாதீர்கள். நூல் தடித்தால் அதே எண்ணில் ஓட்டை சிறுத்துவிடும். மைக்ராஸ்கோப்பில் அளந்தே வாங்குங்கள். உலர்ந்த மணியைச் சலித்தால், நம்ம ஊர் வறண்ட காற்றுக்கு, எல்லாம் துணியிலேயே ஒட்டிக்கொள்கிறது. பக்கெட் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, துணி கட்டிய சட்டத்தை மூழ்கடித்து, ஓரத்தைத் தட்டுங்கள். சரசரவென்று இறங்கும். அலசிவிட்டு மொட்டை மாடியில் போட்டால் அக்னி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிறகு லேசாகச் சாய்த்த கண்ணாடியில் தூவினால் உருண்டை மணி உருண்டோடும், உடைசல் மேலேயே நிற்கும்.

தொட்டிக்குப் போர் தண்ணீர் வேண்டாம், அதன் கண்ணாடியில் வெள்ளைப் படிவு கட்டி லேசர் மங்குகிறது. கேன் தண்ணீர்தான். லேசர், டைல்ஸ்காரர்கள் மட்டம் பார்க்கிற பச்சைக் கோடு லேசரே போதும். தண்ணீரில் காற்றுக்குமிழி இருந்தால் அது மணிக்கு நேர் எதிராகச் சுழலின் நடுவில் போய் மின்னும். முதலில் தொல்லையாக இருந்தது, இப்போது சுழல் எங்கே என்று காட்டும் அடையாளமாக வேண்டுமென்றே கொஞ்சம் விடுகிறேன்.

வீடியோவில் மணி எண்ணும் வேலை அப்படியே கிடக்கிறது. அதற்குள் பாலாற்று மணல் ஆசை வந்துவிட்டது. அடர்த்தி கண்ணாடிக்குப் பக்கத்தில்தான், ஆனால் கோணல் மாணல். கைப்பிடி மணல் ஏற்கெனவே பக்கெட்டில் ஊறுகிறது.