பல்லுப் பாட்டு

பல்லுப் பாட்டை எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் முன்பற்களிலும் அந்தப் பழுப்புக் கோடுகள் உண்டு. தர்மபுரிப் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாறையிலிருந்து தண்ணீரோடு ஃபுளோரைடும் வருகிறது. ஈறுக்குள் பல் உருவாகிற வயதிலேயே கறை ஏறிவிடும். முளைத்த பிறகு எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

பாட்டு முகாரியில் ஒப்பாரி போலத் தொடங்கும். பெரிய வயலின் மாதிரியான என் செல்லோவின் பருத்த நாலாவது தந்தியில் விரலை அழுத்தியபடி மெல்லச் சறுக்கினால், போர்வெல் மோட்டார் திணறித் திணறி ஓட ஆரம்பிப்பது அப்படியே கேட்கும். அங்கேயே கூட்டம் சிரித்துவிடும். அப்புறம் வில்லை வைத்துவிட்டு, தந்தியை விரலால் சுண்டி ப்ளூஸ் நடைக்குப் போவேன். மூன்றாவது சரணத்தில் ஒரு பெண், பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு வாயே திறக்காமல் நிற்பாள். “பொண்ணு ஊமையா?” என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள்.

பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில், கூத்துக்கு முன்னால் இதைப் பாடினேன். முடித்துவிட்டு வில்லின் மயிரைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா மேடை ஓரமாக வந்தார்.

“பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. அந்தக் காபித் தட்டு வந்ததும் நாலு பேரு திரும்பி என் பொண்ணப் பாத்தாங்க. அடுத்த வாரம் அவளப் பாக்க வர்றாங்க.”

“எனக்கும் அதே பல்லுதான்க்கா” என்று உதட்டை விலக்கிக் காட்டினேன்.

“தெரியுது. நீ மேல நின்னுகினு பாடற. அவ கீழ உக்காந்துகினு கேக்கறா.”

குரலில் கோபமே இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது பதில் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த பதில்களுக்குக் கணக்கில்லை.

முதல் பதிலை அன்று ராத்திரியே கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் கொடுத்தான். துரியோதனனைக் கிண்டல் செய்தான், ஊர்ப் பெரியவர்களை வம்புக்கு இழுத்தான், யாரும் முகம் சுளிக்கவில்லை. இந்த மண்ணில் பாட்டும் சிரிப்பும் எப்போதும் சேர்ந்துதானே வந்திருக்கின்றன? என் பாட்டிலும் அடி விழுவது மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான். ஆனால் கட்டியக்காரன் ராஜாவைச் சொன்னபோது எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். நான் மாப்பிள்ளை வீட்டாரைச் சொன்னபோது அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். இதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள்தான் அன்று அதிகம் சிரித்தார்கள். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள். பல பேருக்குப் பல் வெள்ளையாகவே இருந்தது. அவர்களுக்கு அது மோட்டார் சத்தம் போடும் பாட்டு. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். காவிரித் தண்ணீர் குழாயில் வந்த சமயத்தில் அவளுக்கு முன்பற்களெல்லாம் ஈறுக்குள் உருவாகி முடிந்திருக்கும்.

அதற்காகப் பேசாமல் இருப்பதா? பள்ளிக்கூடத்தில் நான் எல்லா போட்டோவிலும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பேன். யாரும் கேலி செய்யவில்லை, யாரும் பேசவுமில்லை. அந்த மௌனம் எனக்கு ஒரு நாளும் உதவியதில்லை. இப்படி ஒரு பாட்டை அப்போது யாராவது பாடியிருந்தால் நான் சிரித்திருப்பேன் என்று நம்புகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சிரித்திருப்பேனா, தெரியவில்லை.

அரூரில் மூன்றாவது சரணத்தை விட்டுவிட்டுப் பாடினேன். நன்றாகக் கை தட்டினார்கள். ஆனால் அது வெறும் தண்ணீர்ப் பாட்டாகிவிட்டது. அந்தச் சரணத்துக்காகத்தான் மற்ற இரண்டையும் எழுதினேன்.

பாலக்கோட்டு நிகழ்ச்சிக்கு அதைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். இப்போது அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வாயை நன்றாகத் திறந்து, “உங்க ஊர்ல என்ன தண்ணி?” என்று மாப்பிள்ளையைக் கேட்கிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் அந்த அக்கா வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யார் திரும்பிப் பார்த்தார்கள் என்றுதான் சொன்னார். கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பாட வேண்டுமென்றால், இந்த மாவட்டத்தில் எந்த ஊரில் இதைப் பாட முடியும்?