கதவு ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன்

சின்னமனூர் தாண்டி வயலோரமாக வண்டி நின்றது. பின்சீட்டில் இருந்த அவன் கதவுக் கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். அப்புறம் முன்சீட்டில் இருந்த என்னிடம், "லாக் போட்டிருக்கீங்களாக்கா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. பழைய வண்டி, கதவு சில நேரம் ஒட்டிக்கும்" என்றேன்.

டிரைவர் இறங்கிச் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்துவிட்டார். சத்தமே இல்லாமல் திறந்தது. ஒட்டிக்கொண்ட கதவு அப்படித் திறக்காது. அது அவனுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். இரண்டு வருஷம் கார் பட்டறையில் கையாளாக இருந்தவன்.

கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பாமல் விடுகிறவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலர் வேலைக்கு வந்த பிறகு எத்தனையோ பேரை எங்கெங்கோ அழைத்துப் போயிருக்கிறேன். கோர்ட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வேலை கேட்டு அரிசி மண்டிக்கு. எங்களுக்கென்று வண்டி கிடையாது. எப்படி அழைத்துப் போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததுமில்லை. நானாகப் பழகிக்கொண்டது கொஞ்சம் உண்டு. பஸ்ஸில் போனால் படிக்கட்டுப் பக்க சீட் வேண்டாம். ஸ்கூட்டரில் பின்னால் ஏற்ற மாட்டேன். ஸ்டேஷன் ஜீப்பில் இடம் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்றுவிடுவேன். அதில் ஏறுவதைத் தெரு பார்த்தால், மறுபடி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் பேசும். கூடுமானவரை வீட்டு ஆள் ஒருவர் உடன் வர வேண்டும். அன்றைக்கு அவனுடைய அம்மா வந்திருந்தார்.

அவனுக்கு 23 வயது. கிணற்று மோட்டாரிலிருந்து காப்பர் வயர் திருடிய வழக்கு, முதல் குற்றம். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் கோர்ட் அவனை விடுவித்து, ஒரு வருஷம் என் கண்காணிப்பில் விட்டிருந்தது. குடிக்கக் கூடாது என்பது அவன் கோர்ட்டுக்கு எழுதிக்கொடுத்த பாண்டில் இருந்த நிபந்தனைகளில் ஒன்று. அவன் குடித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு, என் பேச்சைக் கேட்டோ அம்மாவின் அழுகையைக் கேட்டோ, ஒரே நாளில் நிறுத்தினான். தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாளில் ஆள் குழம்பி, இல்லாததையெல்லாம் பார்த்துப் பயந்து எழுந்து ஓடவும் கூடும். உள்ளூர் டாக்டர் இதைச் சொல்லி, தேனி தாண்டி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். அது இரண்டாம் நாள். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான், அப்படியும் பாதி டீ சட்டையில்தான் சிந்தியது.

நூற்றியெட்டைக் கூப்பிடலாம் என்றேன். "அது வந்தா தெருவே கூடி நிக்கும்க்கா, கார்னா வர்றேன்" என்றான். என் கைக்காசில் கார் பிடித்தேன். கம்பத்திலிருந்து கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர்.

அவனும் அம்மாவும் ஏறுவதற்கு முன்னால் டிரைவர் என் பக்கத்தில் வந்து, "சைல்டு லாக் போட்டுக்கவா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்கதவின் விளிம்பில் இருக்கும், உள்ளிருந்து திறக்க முடியாமல் செய்யும் அந்தச் சின்ன நெம்பை அவர் விரல் நுனியால் தள்ளினார். டிக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் நடந்தது.

சரி, அதில் என்ன தப்பு? ஓடுகிற வண்டியில் குழப்பம் வந்து கதவைத் திறந்திருந்தால்? அவனுடைய அம்மாவால் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது. அவன் ரோட்டில் கிடந்திருந்தால், ஏன் பூட்டவில்லை என்றுதானே எல்லாரும் கேட்டிருப்பார்கள், நானும்தானே கேட்டுக்கொண்டிருப்பேன். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்ட நாட்கள் பல.

ஆனால் ஒன்று இடிக்கிறது. பின்சீட் பெல்ட்டின் கொக்கி சீட் உறைக்கு உள்ளே போயிருந்தது. நான் அதைப் பார்த்தேன். எடுத்து மாட்டச் சொல்லவில்லை. அவன் உயிரைப் பற்றித்தான் பயந்தேன் என்றால் முதலில் அந்தப் பெல்ட்டைத்தானே தோண்டி எடுத்திருக்க வேண்டும்? வண்டி எங்காவது கவிழ்ந்திருந்தால் பூட்டிய கதவுக்குள் அவனும் அந்த அம்மாவும் மாட்டியிருப்பார்கள். அதுவும் அப்போது தோன்றவில்லை. அப்படியென்றால் நான் பயந்தது அவன் விழுவதற்கா, ஓடிப்போவதற்கா? ஓடிப்போனால்தான் என்ன? அவன் கைதி இல்லை. அவனைப் பிடித்துவைக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. நிபந்தனையை மீறினால் கோர்ட்டுக்கு எழுதலாம், சம்மனோ வாரண்டோ அனுப்புவது கோர்ட்டின் வேலை. சட்டத்தின் 14-ஆம் பிரிவு என் கடமைகளைச் சொல்கிறது: விசாரிப்பது, மேற்பார்வை செய்வது, வேலை தேடித் தர முயல்வது, அறிவுரை சொல்லி உதவுவது. பூட்டுவது அதில் இல்லை.

கைதிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது பற்றி 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வேலைக்கு வந்த புதிதில் படித்தேன். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. வழக்கம் என்பதற்காக யாருக்கும் விலங்கு மாட்டக் கூடாது, வேறு வழியே இல்லாமல் மாட்டினால் அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்றது. விலங்கிடும் போலீசே காரணம் எழுத வேண்டும். அன்றைக்கு ராத்திரி நான் டைரியில் எழுதியது, "பாதுகாப்பாக அழைத்துச் செல்லப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்." லாக் பற்றி ஒரு எழுத்து இல்லை. அந்தப் "பாதுகாப்பாக" என்ற சொல்லை எத்தனை ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேனோ, அதற்கப்புறம் அதை எழுதும்போதெல்லாம் பேனா ஒரு நொடி நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் நடந்ததும் உறுத்துகிறது. போதை தொடர்பான பாதிப்புகளும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வரும். புத்தி தெளிவாக இருக்கிறவரை, சேர்வது அவருடைய சொந்த விருப்பமாக இருக்க வேண்டும். அவனும் தானாகவே வந்து சேருவதாகச் சொல்லி, நடுங்கும் கையால் கையெழுத்துப் போட்டான். அவன் மனதார வந்தவன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பூட்டிய கதவுக்குள் உட்காரவைத்துக் கொண்டுவந்து, விருப்பத்தோடு வந்தான் என்று பக்கத்தில் சாட்சியாக நின்றேன்.

அதையும்விட அந்தப் பொய். "ஆமாப்பா, பயமா இருந்துச்சு, அதான் போட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அவன் தலையை ஆட்டியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். கோபப்பட்டுமிருக்கலாம். அந்த உடம்போடு கோபம் வந்து வயலுக்குள் இறங்கி நடந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஆக, பொய்யும் அவன் நல்லதுக்குத்தான் என்று மறுபடி ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பக்கம் போனால் முடிவே கிடையாது.

வயலோரம் ஒதுங்கிவிட்டுத் திரும்பி வந்தான். டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் உள்ளே ஏறி உட்கார்ந்து, தானே கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். திறக்காது என்று தெரிந்த கதவை. "போலாம் மேடம்" என்றான். அதுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவன் இறங்கிப் போனதும் அந்த அம்மா என் கையைப் பிடித்து, "நல்லவேளை பூட்டுனீங்க தாயி" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. அது ஆறுதலாக இருந்ததை நினைத்தால் இப்போது சங்கடமாக இருக்கிறது.

கண்காணிப்புக் காலத்தை நல்லபடியாக முடித்தான். கடைசி நாள் கையெழுத்துப் போட வந்தபோது, சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். மறுபடி பட்டறையில் சேர்ந்ததைப் பற்றியும் அவர்கள் தரும் கூலியைப் பற்றியும் பேசினோம். அவன் கிளம்பிப் போய்விட்டான்.

2019 ஜூலை முதல் பதிவாகும் வாடகைக் கார்களில் சைல்டு லாக் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஏறிய பெண் இறங்க முடியாமல் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தது. நாங்கள் போனது அதற்கு முந்தைய வண்டி. ராத்திரியில் தனியாக வாடகைக் கார் ஏறும்போது பின்கதவை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு உட்காருகிறவள் நான். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் இன்னொரு பையனை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பத்தொன்பது வயது, அவனுக்கென்று கூட வர ஆளில்லை. நெம்பு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். சீட் இடுக்கிலிருந்து பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். முன்சீட்டுக்குப் போகாமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "கதவு பூட்டலப்பா. நிறுத்தணும்னா சொல்லு" என்றேன். சரி என்றான். உத்தமபாளையம் வருவதற்குள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டான். தேனி வரைக்கும் அவனுடைய சட்டை நுனியை நான் கையில் பிடித்தபடியே வந்தேன்.