அலை அடங்கும் கரைகள்

பிப்ரவரி 10, சனி. தரங்கம்பாடி

பூம்புகாரில் நல்ல கூட்டம். வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன். இங்கேயும் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைச் சுற்றித்தான் ஆட்கள். சற்றுத் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் யாருமில்லை. பாண்டியர் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் மோதும் சத்தம் ராத்திரி அறைவரை கேட்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு. கோடியக்கரை

வேதாரண்யம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம், அப்புறம் காடு. பாலை மரங்களுக்கு நடுவே வெளிமான் கூட்டம் ஒன்று தலைதூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போனது.

நாகையிலிருந்து தெற்கே வரும் கரை இங்கேதான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. திருப்பத்தைத் தாண்டி நடக்க நடக்க அலைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் என் காலடிதான் கேட்டது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படும் கட்டடம் 2004 சுனாமியில் போய்விட்டது. அடித்தளக் கற்களைத் தொட்டுப் பார்த்தேன். மனசு கனத்தது.

மணலில் பங்குனி ஆமை ஏறி இறங்கிய தடம். அதை மிதிக்காமல் சுற்றி வந்தேன். பூநாரை பார்க்க நேரமில்லை.

பிப்ரவரி 12, திங்கள். முத்துப்பேட்டை

இந்த மூன்று நாளில் இதுதான் எனக்குப் பிடித்த இடம். படகு கோரையாற்றில் இறங்கியது. இரண்டு கரையிலும் அலையாத்தி, சேற்றுக்கு மேலே விரல் விரலாக மூச்சுவேர்கள். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்பார்கள்; அந்தப் பேர் எவ்வளவு பொருத்தம் என்று இங்கே வந்தால்தான் தெரியும். காயலுக்குள் நுழைந்த பிறகும் தண்ணீர் தாம்பாளம் மாதிரி கிடந்தது. தரங்கம்பாடியில் கல்லை அறைந்ததும் இதே கடல்தானா?

நடுநடுவே பட்டுப்போன மரங்கள். 2018 கஜா புயலில் சாய்ந்தவை என்றார் படகுக்காரர். "எங்க ஊர்ல தென்னை மொத்தமும் போச்சு தம்பி. இதுங்க நடுவுல நிக்கலைன்னா நாங்களும் போயிருப்போம்." பட்ட மரத்தடியில் கன்றுகள் முளைத்திருப்பதையும் அவர்தான் காட்டினார்.

முகத்துவாரத்து மணல்திட்டில் இறங்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில்கள் ஏழு கிடந்தன, பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் உட்கார்ந்திருப்பேன்.

"தண்ணி வத்துது தம்பி. இப்ப கெளம்பலைன்னா தரை தட்டிரும்."

சரி என்று எழுந்தேன்.